பள்ளி வெளியுலாவும் புராஜெக்டும்: பெற்றோர் என்னிடம் கேட்டவை, நான் சொன்ன பதில்கள்

நான் மலேசியாவின் ஜொகூரில் பிறந்து வளர்ந்தவள். சிங்கப்பூருக்கு வந்து பதினான்கு வருடம் ஆகிறது. மகள், மகன் இருவரும் ஆங்கிலமும் மாண்டரினும் சொல்லித்தரும் அனைத்துலகப் பள்ளி ஒன்றில் படிக்கிறார்கள். ஆறு வருடமாக வகுப்புப் பெற்றோர் பிரதிநிதியாக இருக்கிறேன். பள்ளி வாசலிலும் பஸ் நிற்கும் இடத்திலும் தமிழ்ப் பெற்றோர் திரும்பத் திரும்ப ஒரே சந்தேகங்களைக் கேட்பார்கள். அவற்றைக் கேட்டவர்கள் சொன்ன மாதிரியே இங்கே தொகுத்திருக்கிறேன். பள்ளிக்குப் பள்ளி நடைமுறை மாறும். உங்கள் பள்ளிக் கடிதத்தில் வேறு மாதிரி இருந்தால் கடிதம் சொல்வதையே கேளுங்கள்.

அக்கா, லெட்டர்ல ‘லேர்னிங் ஜர்னி’ன்னு போட்டிருக்காங்க. இது பிக்னிக்கா, இல்ல பாடமா?

பாடம்தான். வகுப்பில் ஏற்கெனவே ஒரு கேள்வி ஓடிக்கொண்டிருக்கும். அதைக் கண்ணால் பார்க்கத்தான் வெளியே அழைத்துப் போகிறார்கள். ஐ.பி. (இன்டர்நேஷனல் பேக்கலோரியட் என்ற அனைத்துலகப் பாடத்திட்டம்) முறையில் நடக்கும் தொடக்கப்பள்ளிகளில் வருடம் முழுவதும் ஆறு பெரிய கருப்பொருள்களைச் சுற்றித்தான் பாடம் நடக்கும். வெளியுலாவும் புராஜெக்டும் அவற்றில் ஏதோ ஒன்றோடு சேர்ந்தே வரும்.

‘நம் வீட்டுத் தண்ணீர் எங்கிருந்து வருகிறது’ என்ற பாடம் என்று வையுங்கள். மரினா அணைக்கட்டுக்குப் போவார்கள். 2008ல் திறந்தது. பாலத்தின் மேல் நின்றால் ஒரு பக்கம் கடல், மறு பக்கம் நகர் நடுவே ஒரு நீர்த்தேக்கம். “எந்தப் பக்கம் உப்பு?” என்று ஒரு பிள்ளை கேட்கும். இன்னொரு பிள்ளை, “மழை நிறையப் பெய்தால் கதவைத் திறப்பார்களா?” என்று கேட்கும். அந்த இரண்டு கேள்விக்காகத்தான் அத்தனை பேரையும் பஸ்ஸில் ஏற்றிக்கொண்டு போகிறார்கள்.

புராஜெக்ட்னா வீட்டுல நாம செஞ்சு குடுக்கணுமா?

வேண்டாம். இதை நான் பட்டுத் தெரிந்துகொண்டேன். மகள் இரண்டாம் வகுப்பில் இருந்தபோது சுங்கை பூலோ சதுப்புநிலத்தைப் பற்றி ஒரு மாடல் செய்துவரச் சொன்னார்கள். இரவு பன்னிரண்டு மணிவரை உட்கார்ந்து தெர்மோகோலை வெட்டி, சாயம் பூசி, குச்சிகளை வேராக நட்டு அழகாகச் செய்துவிட்டேன். மறுநாள் ஆசிரியர் அவளிடம் ஒன்றே ஒன்று கேட்டார்: “இந்த வேரெல்லாம் ஏன் சேற்றுக்கு மேலே நீட்டிக்கொண்டிருக்கிறது?” அவள் என் முகத்தைப் பார்த்தாள். சேற்றில் காற்று இல்லாததால் அந்த மரங்கள் வேரை மேலே நீட்டி மூச்சு விடுகின்றன என்பதை அவள் கண்டுபிடிக்க வேண்டிய வேளையில், நான் கத்தரிக்கோலை அவள் கையிலிருந்து வாங்கி வைத்திருந்தேன்.

அப்போதிலிருந்து சாமான் வாங்கித் தருவேன், கத்தி பிடிக்கும் வேலையைச் செய்து தருவேன், பக்கத்தில் உட்கார்ந்து கேள்வி கேட்பேன். கோணலாக ஒட்டினால் கோணலாகவே போகட்டும். பக்கத்து மேசைப் பிள்ளையின் அட்டை அச்சடித்த மாதிரி இருக்கிறதே என்று பார்க்காதீர்கள். அது யார் கைவேலை என்று ஆசிரியருக்குத் தெரியும்.

எங்க ரெண்டு பேருக்கும் மாண்டரின்ல ஒரு எழுத்துகூடத் தெரியாது. அவனுக்கு எப்படி உதவி பண்றது?

மாண்டரின் சொல்லித்தர உங்களால் முடியாது, சரி. பாடத்தைப் புரிந்துகொள்ள உதவ முடியும். ஆசிரியர் தந்த தாளைக் கையில் கொடுத்து, “இதில் என்ன இருக்கிறது என்று எனக்குத் தமிழில் சொல்” என்று கேளுங்கள். தமிழில் தடுமாறாமல் சொல்லிவிட்டால் விஷயம் புரிந்திருக்கிறது, இனி உச்சரிப்பும் எழுத்தும்தான் பாக்கி. தமிழிலும் சொல்ல வரவில்லையா? அப்போது சிக்கல் மொழியில் மட்டும் இல்லை. அதை ஆசிரியருக்கு ஒரு வரி எழுதிப் போடுங்கள்.

வாய்ப்பயிற்சிக்கு ஆசிரியரின் குரல் பதிவைக் கேட்டு வாங்கலாம். நாங்கள் கேட்டபோது மகிழ்ச்சியோடு அனுப்பினார்கள். மொழிபெயர்ப்புச் செயலியில் போட்டு வாக்கியத்தை எடுத்து எழுதவைப்பது மட்டும் வேண்டாம். பிள்ளைக்குப் படிக்கத் தெரியாத எழுத்து அதில் வந்து விழும், வகுப்பு முன்னால் நின்று அவனால் வாசிக்க முடியாது.

சைனாடவுன் கூட்டிட்டுப் போறாங்களாம். அது சீனப் பிள்ளைங்களுக்குத்தானே? நம்ம பிள்ளைக்கு அதுல என்ன இருக்கு?

நிறைய இருக்கிறது. இந்தக் கேள்வியைக் கேட்டவர் பிறகு என்னோடு துணைக்கு வந்து, நாள் முழுக்கப் பிள்ளைகளைவிட ஆவலாகப் பார்த்தார்.

பெயரிலிருந்தே தொடங்கலாம். மாண்டரினில் சைனாடவுனுக்கு ‘நியூ ச்சே ஷுவேய்’ என்று பெயர். நியூ என்றால் மாடு, ச்சே என்றால் வண்டி, ஷுவேய் என்றால் தண்ணீர். மாட்டு வண்டியில் தண்ணீர் கொண்டுவந்த காலத்துப் பெயர். அங்கேயே உள்ள கிரேத்தா ஆயர் என்ற மலாய்ப் பெயருக்கும் தண்ணீர் வண்டி என்றுதான் பொருள். மூன்று எழுத்தைப் படித்த பிள்ளை அதைத் தமிழில் ‘மாடு, வண்டி, தண்ணீர்’ என்று சொல்லிப் பார்த்தால் அந்த எழுத்துகள் பிறகு மறக்காது.

அப்புறம் சவுத் பிரிட்ஜ் சாலைக்கு வாருங்கள். 1827ல் தொடங்கிய ஸ்ரீ மாரியம்மன் கோயில் அங்கேதான் இருக்கிறது, சைனாடவுனின் நடுவில். சிங்கப்பூரின் மிகப் பழைய இந்துக் கோயில். அதன் கோபுரத்தை வைத்துத்தான் பக்கத்துத் தெருவுக்குப் பகோடா ஸ்திரீட் என்று பெயர் வந்தது. இன்னொரு பக்கம் டெம்பிள் ஸ்திரீட். சற்றுத் தள்ளி, சோழமண்டலக் கரையிலிருந்து வந்த தமிழ் முஸ்லிம்கள் கட்டிய ஜாமிஆ சூலியா பள்ளிவாசல். அதனால் ஒரு மாஸ்க் ஸ்திரீட். தெலுக் ஆயர் தெருவுக்கு நடந்தால் நாகூர் தர்கா. நாகப்பட்டினத்துப் பக்கத்திலிருந்து கப்பலேறி வந்தவர்கள் 1830 வாக்கில் நாகூர் ஆண்டகை நினைவாகக் கட்டியது. அதே தெருவில் சீன மாலுமிகள் கடல்தாய்க்கு நன்றி சொன்ன தியான் ஹோக் கெங் கோயில். அப்போது கடல் அந்தத் தெரு ஓரம்வரை வந்துகொண்டிருந்தது. தமிழரும் சீனரும் கப்பலிலிருந்து இறங்கி ஒரே தெருவில் கும்பிட்டிருக்கிறார்கள். இதை வீட்டில் முதல் நாளே சொல்லி அனுப்புங்கள்.

லிட்டில் இந்தியா போறப்ப என் பொண்ணைத்தான் எல்லாத்தையும் விளக்கச் சொல்றாங்க. அவளுக்கே பாதி தெரியாதுக்கா.

இதைக் கேட்டபோது எனக்கு வருத்தமாக இருந்தது. ஆசிரியர்கள் அன்போடுதான் கேட்கிறார்கள், ஆனால் எட்டு வயதுப் பிள்ளை தலையில் ஒரு நாட்டையே தூக்கி வைக்க முடியாது. ஆசிரியரிடம் முன்கூட்டியே சொல்லுங்கள்: “அவள் ஒரே ஒரு விஷயம் சொல்வாள். மற்றதை எல்லோரோடும் சேர்ந்து அவளும் தெரிந்துகொள்வாள்.”

அந்த ஒன்றை அவளே தேர்ந்தெடுக்கட்டும். பூக்கடையில் மல்லிகைச் சரத்தை முழம் போட்டு அளப்பது நல்ல விஷயம். முழங்கையிலிருந்து விரல் நுனிவரை என்று காட்டி, ஒவ்வொரு பிள்ளையும் தன் கையை அளந்து பார்த்தால் கணக்குப் பாடமும் ஆயிற்று. இல்லாவிட்டால் லிட்டில் இந்தியாவின் சந்தை வட்டாரமான தேக்கா. மூங்கிலடி என்று பொருள்படும் ஹொக்கியன் சொல்லிலிருந்து வந்த பெயர் அது. அதே இடத்துக்கு மலாயில் கண்டாங் கெர்பாவ், எருமைத் தொழுவம். அந்த வட்டாரத்தில் மாட்டு வியாபாரம் நடந்த காலத்துப் பெயர். சந்தைக்குப் பக்கத்தில் இன்றும் பஃபலோ ரோடு இருக்கிறது. சைனாடவுனில் ஒரு மாடு, தேக்காவில் ஒரு எருமை என்று பிள்ளைகள் தாங்களாகவே சேர்த்துக்கொள்வார்கள்.

கேம்பல் லேனில் இந்திய மரபுடைமை நிலையம் 2015ல் திறந்தது. வழக்கமாக அங்கேயும் போவார்கள். அங்கே விளக்குவதற்கு ஆள் உண்டு, உங்கள் பெண் நிம்மதியாகப் பார்க்கலாம்.

சாப்பாடு என்ன கட்டிக் கொடுக்கலாம்?

ஒரு கையால் சாப்பிட முடிந்ததாக, சிந்தாததாக. சப்பாத்திச் சுருள், பொடி தடவிய இட்லி, சின்ன ஊத்தப்பம். எலுமிச்சைச் சாதமும் புளிச்சாதமும் கட்டினால் நிலக்கடலையைக் கட்டாயம் நீக்குங்கள். பல பள்ளிகளில் கடலை வகைகளுக்கு அனுமதி கிடையாது, ஒவ்வாமை உள்ள பிள்ளைக்கு அது உயிர் போகும் விஷயம். சிலருக்கு எள்ளும் ஆகாது. இட்லிப் பொடியில் எள் இருக்கிறதா என்று பார்த்துக்கொள்ளுங்கள்.

இயற்கைப் பூங்காவுக்குப் போகும் நாளில் பிளாஸ்டிக் பையைக் கையில் பிடித்துக்கொண்டு போகவேண்டாம். பை என்றாலே சாப்பாடு என்று குரங்குகளுக்குத் தெரியும். எல்லாம் முதுகுப்பைக்குள் இருக்கட்டும். தண்ணீர்ப் போத்தல் பெரியதாக இருக்கட்டும்.

சைவம்னு எழுதிக் கொடுத்தேன். ஆனா முட்டை வந்துச்சு.

‘சைவம்’ என்ற ஒரு சொல்லை ஒவ்வொரு வீடும் ஒவ்வொரு சமையல்காரரும் வேறு மாதிரி புரிந்துகொள்கிறார்கள். எங்கள் வீட்டில் முட்டை கிடையாது. சீனச் சைவ உணவில் பூண்டும் வெங்காயமும்கூடத் தவிர்ப்பார்கள், ஆனால் சில கடைகளில் முட்டை இருக்கும். அதனால் படிவத்தில் பொருள் பொருளாக எழுதுங்கள்: முட்டை வேண்டாம், மீன் சாஸ் வேண்டாம், கோழிச் சாறு வேண்டாம். பிள்ளைக்கும் அதை ஆங்கிலத்திலும் மாண்டரினிலும் சொல்லப் பழக்குங்கள். ஐந்து வயதுப் பிள்ளையே சொல்லிவிடும்.

மழை வந்தா? புகைமூட்டம் வந்தா?

டிசம்பர், ஜனவரியில் வடகிழக்குப் பருவமழை விடாமல் பெய்யும். ஆண்டின் நடுவில் சில நாள் விடியற்காலையில் சுமத்ராவிலிருந்து காற்றும் மழையும் திடீரென்று வந்து அடித்துவிட்டுப் போகும். அதனால் பள்ளிகள் உள்ளரங்கத் திட்டம் ஒன்றைக் கையில் வைத்திருப்பார்கள். இடி மின்னல் எச்சரிக்கை வந்தால் பிள்ளைகளைக் கூரைக்கு அடியில் நிறுத்திவிடுவார்கள். காற்றுத் தூய்மைக்கேட்டுக் குறியீடு 100ஐத் தாண்டினால் அது ஆரோக்கியமற்ற நிலை. வெளியே நடப்பதைக் குறைப்பார்கள் அல்லது நாளை மாற்றுவார்கள்.

ஆஸ்துமா இருக்கும் பிள்ளையின் இன்ஹேலர் எந்தப் பையில், பையின் எந்த அறையில் இருக்கிறது என்று ஆசிரியருக்கும் துணைப் பெற்றோருக்கும் தெரிந்திருக்க வேண்டும். கொசு மருந்தைக் காலையில் வீட்டிலேயே தடவி அனுப்புங்கள்.

பூமலைக்கு நாங்களே பத்து தடவை போயிருக்கோம். திரும்பவும் அங்கேயா?

பத்து முறை போனபோது ரப்பர் மரத்தைத் தேடிப் போனீர்களா? நானும் போனதில்லை, மகளின் வகுப்போடு போகும்வரை.

பூமலை என்று நாம் சொல்லும் சிங்கப்பூர்த் தாவரவியல் பூங்கா 1859ல் தொடங்கியது. 2015ல் யுனெஸ்கோ மரபுடைமைத் தலம் ஆனது. அதற்கு ஒரு பெரிய காரணம் ரப்பர். பிரேசிலிலிருந்து லண்டன் போன விதைகள், அங்கே நாற்றாகி 1877ல் பூமலைக்கு வந்தன. 1888ல் பொறுப்பேற்ற ஹென்றி ரிட்லி, மரத்தைச் சாகடிக்காமல் பட்டையைச் சரிவாகக் கீறிப் பால் எடுக்கும் முறையை இங்கேதான் உருவாக்கினார். பிறகு மலாயா முழுக்க ரப்பர் தோட்டம். அந்தத் தோட்டங்களில் வேலை செய்ய வந்தவர்களில் பெரும்பாலோர் தமிழர்கள். என் அம்மாவும் ஜொகூரில் ஒரு தோட்டத்தில் பால்மரம் வெட்டியவர், அதாவது ரப்பர் மரத்தைக் கீறிப் பால் எடுத்தவர்.

மகள் அன்று வீட்டுக்கு வந்து, ரப்பருக்கு மாண்டரினில் ‘ஷியாங் ஜியாவ்’ என்று சொல்லிவிட்டு, மரத்தில் கீறல் போட்ட படத்தை வரைந்து காட்டினாள். அம்மாவுக்கு வீடியோ அழைப்புப் போட்டேன். அம்மா படத்தைப் பார்த்ததும், “இந்தக் கீறல் தப்பு, சாய்வு பத்தாது, பால் வழியாது” என்றார். அப்புறம் ஒரு மணி நேரம் பேசினார். விடியுமுன் பெரட்டுக்கு (வேலைக்கு முன் பெயர் கூப்பிடும் இடத்துக்கு) போய் நிற்பது, வெயில் ஏறினால் பால் வடிவது நின்றுவிடும் என்பதால் இருட்டிலேயே தலையில் விளக்கோடு தோட்டத்துக்குள் நடப்பது, மரத்தில் கட்டிய மங்கில் (கிண்ணத்தில்) பால் நிறைவது, லயத்து வீட்டில் (தொழிலாளர்களின் வரிசை வீட்டில்) குழந்தையை விட்டுவிட்டு வருவது எல்லாம் சொன்னார். பெரட்டு, மங்கு, லயம் மூன்றுமே என் மகள் அதுவரை கேட்டிராத தமிழ்ச் சொற்கள். ஆங்கிலம், மாண்டரின் என்று இரண்டு பத்தி இருந்த தன் சொல் அட்டவணையில் அவளே கோடு போட்டு மூன்றாவதாகத் தமிழுக்கு ஒன்று சேர்த்தாள். ஆசிரியர் அதைச் சுவரில் ஒட்டினார். யாரும் கேட்காமல், அவளாகச் சேர்த்த பத்தி அது. எனக்கு அதில்தான் நெஞ்சு நிறைந்தது.

இலை, விதை, சிப்பி எல்லாம் பொறுக்கிட்டு வரலாமா? புராஜெக்ட்ல ஒட்டணுமாம்.

பூங்காக்களிலிருந்தும் இயற்கை வனப்பகுதிகளிலிருந்தும் எதையும் அனுமதியில்லாமல் எடுத்து வரக்கூடாது, கீழே விழுந்து கிடப்பதையும்தான். தாளை மரப்பட்டையின் மேல் வைத்துப் பென்சிலால் தேய்த்தால் பதிவு வந்துவிடும். படம் வரையலாம், புகைப்படம் எடுக்கலாம். ஒட்டியே ஆகவேண்டும் என்றால் பள்ளித் தோட்டத்தில் ஆசிரியரைக் கேட்டு எடுக்கலாம், உங்கள் மாடத்துத் தொட்டியில் இருக்கும் கறிவேப்பிலையையும் எடுக்கலாம்.

நானும் கூட வரலாமா? வந்தா என் பிள்ளை பக்கத்துலயே இருக்கலாமா?

வரலாம், பெயர் கொடுத்தால் போதும். பள்ளி முன்கூட்டியே சில படிவங்கள் கேட்கும், அதனால் கடைசி நாளில் சொல்லாதீர்கள். உங்கள் பிள்ளையின் குழுவே கிடைக்கும் என்று எதிர்பார்க்கவேண்டாம். எங்கள் பள்ளியில் வேண்டுமென்றே மாற்றித்தான் போடுகிறார்கள், அதுவே நல்லது. அம்மா பக்கத்தில் இருந்தால் பிள்ளை அம்மாவைப் பார்க்கும், மரத்தைப் பார்க்காது.

போனால் செய்யவேண்டியது: ஏறும்போதும் இறங்கும்போதும் தலை எண்ணுவது, கழிப்பறைக்கு ஆசிரியர் சொன்ன முறைப்படி அழைத்துப் போவது, பிள்ளை கேட்கும் கேள்விக்கு உடனே பதில் சொல்லாமல் “நீ என்ன நினைக்கிறாய்?” என்று திருப்பிக் கேட்பது. உங்கள் குழுவுக்கு மட்டும் ஐஸ்கிரீம் வாங்கித் தராதீர்கள். வீட்டுச் சின்னப் பிள்ளையையும் அழைத்து வரமுடியாது.

போட்டோ எடுத்து வாட்ஸ்அப் குரூப்ல போடலாமா?

துணைக்குப் போகிறவர் படம் எடுக்கவேண்டாம். எல்லாப் பெற்றோரும் படத்துக்குச் சம்மதம் தந்திருக்க மாட்டார்கள். யார் தந்தார்கள், யார் தரவில்லை என்று பள்ளிக்குத்தான் தெரியும். பள்ளி அனுப்பும் படம் போதும்.

சாட்ஜிபிடியை வெச்சு புராஜெக்ட் எழுதினா தப்பா?

இரண்டாவது கேள்வியில் தெர்மோகோல் கதை சொன்னேனே, அதே பதில்தான். அன்று நான் செய்ததை இன்று செயலி செய்கிறது. ஆசிரியர் ‘ஏன்?’ என்று கேட்டால் பிள்ளை யார் முகத்தைப் பார்க்கும்? உங்கள் பள்ளியின் விதியை முதலில் கேளுங்கள். மேல்வகுப்புகளில் பயன்படுத்தினால் எங்கே, எதற்கு என்று எழுதித் தரச் சொல்கிறார்கள். வகுப்பு போய்ப் பார்த்த இடத்தைப் பற்றி எழுதும் பகுதியில் அது அறவே வேண்டாம். அணைக்கட்டின் மேல் காற்று அடித்துத் தொப்பி பறந்தது அதற்குத் தெரியாது.

கடைசி வருஷ எக்ஸிபிஷன்ல என்ன பண்ணுவாங்க?

ஐ.பி. தொடக்கநிலையின் கடைசி வருடத்தில் பிள்ளைகள் குழுவாகச் சேர்ந்து தாங்களே ஒரு பிரச்சினையைத் தேர்ந்தெடுத்து, வாரக்கணக்கில் விசாரித்து, பெற்றோர் முன் காட்டுவார்கள். தலைப்பில் நீங்கள் தலையிடாதீர்கள். பேட்டி எடுக்க ஆள் தேடித் தரலாம், போக்குவரத்துக்கு உதவலாம். தாத்தா பாட்டி பார்க்க வந்தால் பிள்ளை அவர்களுக்குத் தமிழில் விளக்கட்டும். இதை முதல் நாளே வீட்டில் ஒரு முறை சொல்லிப் பழகினால் அங்கே திக்காது.

வெளிநாட்டு கேம்ப்னு சொல்றாங்க. காசும் அதிகம், எங்க பாஸ்போர்ட்டுக்கு விசா வேற வேணும்.

வகுப்பில் பத்து நாட்டுப் பாஸ்போர்ட் இருக்கும். பள்ளிக் கடிதம் எல்லோருக்கும் பொதுவாகத்தான் வரும். உங்கள் பாஸ்போர்ட்டுக்கு விசா வேண்டுமா, காலாவதி ஆக ஆறு மாதத்துக்கு மேல் இருக்கிறதா என்று கடிதம் வந்த அன்றே பாருங்கள்.

பணம் கஷ்டமாக இருந்தால் வகுப்பாசிரியரிடமோ அலுவலகத்திலோ தனியாகச் சொல்லுங்கள். தவணை, மாற்று ஏற்பாடு என்று வழி பார்ப்பார்கள். சொல்ல வெட்கப்பட்டு “பிள்ளைக்கு உடம்பு சரியில்லை” என்று எழுதியவர்களை எனக்குத் தெரியும். அந்தப் பிள்ளை ஒரு வாரம் அந்தப் பொய்யைச் சுமந்துகொண்டு திரிந்தது. தயவுசெய்து அப்படிச் செய்யாதீர்கள்.

‘எப்படிடா இருந்துச்சு’ன்னு கேட்டா ‘நல்லா இருந்துச்சு’ன்னு முடிச்சிடறான். வேற எப்படிக் கேக்கறது?

வந்தவுடன் கேட்காதீர்கள். குளித்து, சாப்பிட்டு முடிக்கட்டும். பிறகு சின்னதாகக் கேளுங்கள். பஸ்ஸில் பக்கத்தில் யார்? அங்கே என்ன வாசம் அடித்தது? யார் அதிகமாகக் கேள்வி கேட்டார்கள்? எதைத் தொடக்கூடாது என்று சொன்னார்கள்? தமிழிலேயே கேளுங்கள். பதில் ஆங்கிலத்தில் வந்தால் திருத்தாமல், அதையே தமிழில் திரும்பச் சொல்லி அடுத்த கேள்விக்குப் போங்கள்.

மகன் சுங்கை பூலோ போய்வந்த அன்று, சேற்றில் நடக்கும் ஒரு மீனைப் பற்றிச் சொல்ல வந்தான். அதற்குத் தமிழில் என்ன என்று எனக்கும் தெரியவில்லை. ‘சேற்றுத் தாவி’ என்று அவனே ஒரு பெயர் வைத்தான். அம்மாவைக் கூப்பிட்டோம். அவர் மலாயில் ‘பெலாச்சாக்’ என்பார்கள் என்றார். பிறகு அவர் பங்குக்குக் கேட்க ஆரம்பித்தார். அது மரம் ஏறுமா, கண் எங்கே இருக்கும், தண்ணீருக்கு வெளியே எவ்வளவு நேரம் தாங்கும் என்று ஒவ்வொன்றாக. இரண்டு கேள்விக்கு அவனிடம் பதில் இருந்தது. மூன்றாவதை மறுநாள் ஆசிரியரிடம் கேட்டு வந்து, பள்ளிப் பையைக்கூடக் கழற்றாமல் அம்மாச்சிக்குப் போன் போடச் சொன்னான்.